நாலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

"அந்த மிச்ச ஆளு நானா இருந்தா என்ன தம்பி பண்றது?"

அந்த அக்கா இப்படிக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். கேலிச் சிரிப்பு இல்லை. வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பாதிப் பேர் கடைசி கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். "அதெல்லாம் சரியாயிடும்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதற்கு முன் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. கழுத்து டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வரும் கைவலி, பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் அடங்கிவிடும். 1997-ல் ஸ்வீடனில் 81 பேரில் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு பிசியோ, சிலருக்கு வெறும் கழுத்துக் காலர் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து மூன்று கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே நிலைதான். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். முதல் சில மாதங்களில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதைச் சொல்ல மாட்டேன். கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டுகிற தினக்கூலிக்கு, சீசன் நேரத்தில், அந்தச் சில மாதம்தானே கணக்கு?

முதல் நாள் வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கீழே இறக்கினால் கழுத்திலிருந்து நடுவிரல் வரை கரண்ட் அடிக்கிறதாம். அப்போதே கழுத்தின் ஏழாவது நரம்பு என்று தெரிந்துவிட்டது, ஸ்கேனும் அதையேதான் சொன்னது. நடை தடுமாறுகிறதா, பட்டன் போட முடிகிறதா, மூத்திரம் போவதில் சிரமம் உண்டா, எல்லாம் கேட்டேன். ஒன்றுமில்லை. முழங்கையை நீட்டச் சொல்லி எதிரே அழுத்திப் பார்த்தேன். பலத்துக்கு ஐந்துக்கு நாலு மார்க். வலியால் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது.

ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்போது, "வெந்நீர்ப் போசிய அடுப்புல தள்ளி வைக்கக்கூட முடியல தம்பி" என்றார். வலிக்குது என்று சொல்லவில்லை. முடியல என்றார். இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கத்தான் எனக்குப் படிப்பு.

ஐந்தாவது வாரம் கை மூன்றுக்கு இறங்கிவிட்டது. உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். கழுத்தின் முன்பக்கம் திறந்து டிஸ்க்கை எடுத்தார்கள். அன்று இரவே கைவலி போய்விட்டதாம். தொண்டை கட்டினது மாதிரி குரல் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பலம்தான் வர மறுக்கிறது. முதல் வாரமே அனுப்பியிருந்தால் வந்திருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அனுப்பியிருந்தாலும், பொறுத்துப் பார்க்கலாம் என்றே அங்கேயும் சொல்லியிருப்பார்கள். இதை எனக்கு நானே பல தடவை சொல்லியாயிற்று.

முதல் நாள் குறிப்பில் நாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கழித்தல் கோடு இருக்கிறது, நாலுக்கும் கொஞ்சம் குறைவு என்று அர்த்தம். அன்றே போட்டேனா, பிறகு போட்டேனா? இங்க் ஒன்றுதான், நான் எப்போதும் அதே பேனாதான்.

அக்கா இன்னும் செவ்வாய்க்கிழமை வருகிறார். நான் உள்ளங்கையை நீட்ட, அவர் தள்ளுவார். போன வாரம் "பரவாயில்ல, நாலு வந்திருச்சுக்கா" என்றேன். அன்றைக்கு என் கை எவ்வளவு அழுத்தியது என்று எனக்கே நிச்சயமில்லை.