லாரி எங்கே நிற்கும்?

2010 ஜூலையில் லண்டனில் முதல் இரண்டு ‘சைக்கிள் சூப்பர்ஹைவே’கள், அதாவது சைக்கிளுக்கான நீண்ட தடங்கள், திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று தெற்கே மெர்ட்டனிலிருந்து டூட்டிங், கிளாப்பம் வழியாக நகரின் மையத்துக்குப் போகிறது. அந்தத் தடத்தில் பெரும்பாலான தூரம் தார்ச்சாலை ஓரத்தில் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். பஸ்ஸும் லாரியும் அந்த நீலத்தின் மேலேயே ஓடின. அடுத்த ஆண்டு கிழக்கு லண்டனில் இன்னொரு தடம் வந்தது. அது அப்போது முடிந்த ‘போ’ (Bow) ரவுண்டானாவில் 2011 இலையுதிர் காலத்தில் மட்டும் சைக்கிளில் போன இருவர் இறந்தார்கள். 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் லண்டன் சாலைகளில் ஆறு பேர். அதில் ஒருவர் அதே ரவுண்டானாவில்.

நான் இந்த வேலைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. தென் லண்டனில் ஒரு நெடுஞ்சாலை வழியாகப் புதிய சைக்கிள் பாதை திட்டமிடும் குழுவில் இளநிலைப் பொறியாளர். பெயிண்ட் போதுமா என்ற கேள்வி அப்போது முடிந்துபோயிருந்தது. டவர் ஹில்லிலிருந்து தேம்ஸ் கரையோரமாக நாடாளுமன்றம் வரை இருவழிப் பாதையைக் கல் வைத்துப் பிரித்து 2016இல் திறந்துவிட்டார்கள். அதற்காக விக்டோரியா எம்பாங்க்மென்ட் என்ற கரையோரச் சாலையில் கார்களிடமிருந்து ஒரு தடத்தையே எடுத்தார்கள். டாக்சி ஓட்டுநர் சங்கம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மக்கள் கருத்துக் கேட்பில் 84 சதவீதம் பேர் ஆதரவு. பிரித்துத்தான் போட வேண்டும் என்பதில் எங்கள் குழுவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிலிருந்து பிரிப்பது என்பதுதான் கஷ்டம்.

ஒரு சாலையின் அகலம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைதான். அதற்குள் நடைபாதை, பஸ், கார், சரக்கு வண்டி, மரம், விளக்குக் கம்பம், சிக்னல் பெட்டி எல்லாம் இருக்கின்றன. இருவழி சைக்கிள் பாதைக்குக் குறைந்தது மூன்று மீட்டர், நெரிசல் நேரத்துக்கு நான்கு இருந்தால் நல்லது. 2020இல் வந்த பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட சைக்கிளை மனத்தில் வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. முன்னால் பெட்டி வைத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி, நடக்க முடியாதவர் ஓட்டும் மூன்று சக்கர வண்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. வேகமாக ஓட்டும் இளைஞனுக்கு மட்டும் பாதை போட்டால், அவன் பாதை இல்லாமலும் ஓட்டியிருப்பான்.

அதே வழிகாட்டியில் இன்னொரு கணக்கு உண்டு. பாதை ஓரத்தில் சுவர் மாதிரி உயரமாக ஏதாவது நின்றால், அதன் பக்கத்தில் அரை மீட்டரைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். யாரும் கைப்பிடியைச் சுவரில் உரசிக்கொண்டு ஓட்டுவதில்லையே. வரைபடத்தில் மூன்று மீட்டர் என்று எழுதியிருக்கும். இரும்பு வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டரைதான். அதனால் விடியற்காலையில், வண்டிகள் குறைவாக இருக்கும் நேரத்தில், அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முழுத் தெருவையும் நடப்போம். கணினியில் தெரியாதவை அப்போதுதான் தெரியும். கடைக்காரர் நடைபாதையில் அடுக்கும் வாழைப்பழப் பெட்டி, மழை பெய்தால் குளமாகும் மூலை, மூடி தூக்கி நிற்கும் சாக்கடை.

கருத்துக் கேட்புக்காக ஒரு நூலக அறையில் வரைபடங்களை மேசை மேல் விரித்து வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். என் பெயர் அட்டையைப் பார்த்துத் தமிழிலேயே பேசத் தொடங்கினார்.

“தம்பி, கோடு கீறுறது சுகம். காலமை என்ர மரக்கறி லொறி எங்க நிக்கும்?”

“எதிர்ப்பக்கத் தெருவில் இடம் ஒதுக்கியிருக்கிறோம் அண்ணா.”

“ரோட்டைக் குறுக்கறுத்து நான் எப்பிடி அரிசி மூட்டை கொண்டு வாறது?”

அவர் சைக்கிள் பாதைக்கு எதிரி இல்லை. மகள் சைக்கிளில்தான் கல்லூரிக்குப் போகிறாளாம். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பதில் இல்லையென்றால் என்ன நடக்கும்? லாரி ஓட்டுநர் வந்து பார்ப்பார், இடம் இல்லை, சைக்கிள் பாதை மேலேயே நிறுத்திவிட்டு இறக்குவார். பின்னால் வரும் சைக்கிள் பஸ் ஓடும் தடத்துக்குள் இறங்கும். கல் வைத்துப் பிரித்ததன் பயன் அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடும்.

அப்புறம் அந்தக் கடைவரிசை முழுக்க எத்தனை மணிக்கு என்ன வண்டி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுப் பட்டியல் போட்டோம். பாதையைக் கொஞ்சம் உள்வாங்கி, அதற்கும் சாலைக்கும் நடுவில் சரக்கு இறக்க ஒரு மேடை வைத்தோம். மூட்டை தூக்குபவர் சாலையைக் கடக்க வேண்டாம்; பாதையைக் கடந்தால் போதும். அந்த இடத்தில் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினோம், தள்ளுவண்டி தட்டாமல் போக. இதற்கு நடைபாதையிலிருந்து ஒரு துண்டு போனது. அது எனக்கு மனவருத்தம்தான். நடப்பவரிடமிருந்து எடுத்து சைக்கிளுக்குக் கொடுப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன்.

பஸ் நிறுத்தங்களிலும் இதே மாதிரி ஒரு பிணக்கு. பாதையை நிறுத்தத்தின் பின்னால் சுற்றி விடுவது லண்டனில் வழக்கம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் நடைபாதைக்குப் போக சைக்கிள் பாதையைத் தாண்ட வேண்டும். வழிகாட்டி நாயோடு வந்த ஒரு பெண்மணி சொன்னார்: “காரின் சத்தம் கேட்கும். சைக்கிளின் சத்தம் எனக்குக் கேட்காது.” கடக்கும் இடத்தில் வரிக்கோடு போட்டால் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள் என்று நாங்கள் சொன்னது அவருக்குச் சமாதானமாகவில்லை. ஏன் ஆக வேண்டும்? கடக்கும் இடத்தை மேடாக்கினோம், பாதையைக் குறுக்கினோம், திருப்பத்தைக் கூட்டி வேகத்தைக் குறைத்தோம். அவர் பயம் முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் தின்றது சந்திப்புகள்தான். சைக்கிள் மோதல்களில் பெரும்பாலானவை சந்திப்பிலோ அதன் அருகிலோ நடக்கின்றன. இங்கே வண்டிகள் இடதுபக்கம் போவதால், நேராகப் போகும் சைக்கிளின் குறுக்கே இடப்பக்கம் திரும்பும் லாரிதான் பெரிய ஆபத்து. லாரி ஓட்டுநருக்குத் தன் இடப்பக்கம் சரியாகத் தெரியாது. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது: சைக்கிளுக்குப் பச்சை எரியும்போது இடப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு மட்டும் சிவப்பு. சொல்ல எளிது. அவற்றை மட்டும் நிறுத்த வேண்டுமானால் அவற்றுக்கென்று தனித் தடம் வேண்டும். இல்லையென்றால் நேராகப் போகும் பஸ்ஸும் அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். தனித் தடத்துக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர். சைக்கிள் பாதைக்கும் மூன்று மீட்டர். சந்திப்பில் இருப்பதோ அதே சுவருக்குச் சுவர் அகலம்.

எங்கள் வழியில் ஒரு சந்திப்பில் மட்டும் இது முடியவில்லை. பஸ் தாமதம் கூடும் என்று மாதிரிக் கணக்கு காட்டியது. திரும்புவதையே தடைசெய்தால் பக்கத்துத் தெருக்களுக்கு வண்டிகள் போகும் என்று அங்கே குடியிருப்பவர்கள் அஞ்சினார்கள். மேலே முடிவெடுத்தவர்கள் பாதையைச் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, தாண்டியதும் மறுபடி தொடங்கச் சொன்னார்கள். சைக்கிளுக்குச் சில நொடி முன்கூட்டியே பச்சை உண்டு. அது சிவப்பில் காத்து நிற்பவருக்கு உதவும். பச்சையில் ஓடி வருபவருக்கு உதவாது.

திறப்பு விழாவில் சொன்ன கிலோமீட்டர் கணக்கில் அந்த இடைவெளியும் சேர்ந்தே இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆய்வுக் குறிப்பிலும் எழுதி வைத்தேன். பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று ஒரு பெற்றோர் கேட்டால், அந்த ஒரு சந்திப்பை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். இப்போதைக்கு ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வேன். பக்கத்துத் தெருக்களின் வாயில்களில் கார் நுழைய முடியாதபடி தடுப்பு வைத்துவிட்டு, இடப்பக்கம் திரும்புவதை மூடலாம். குடியிருப்பவர்களின் அச்சத்துக்கும் அது பதிலாகும். அடுத்த நிதி ஒதுக்கீட்டில் புதிய தடம் எதையும் தொடங்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன்.