மகனுக்காக எடுத்த மரபணுப் பரிசோதனை

என் மகனுக்கு மூன்று வயது முடிந்தும் கோர்வையாகப் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பெங்களூருப் பிள்ளை மூன்று மொழியில் குழம்பியிருப்பான் என்று அல்சூரில் எங்கள் தெருவே சொன்னது. முதலில் பார்த்த குழந்தை மருத்துவரும் அதையேதான் சொன்னார். தலை பெரிதாக இருக்கிறதே என்று கேட்டால், "அம்மா ஜாடை" என்று முடித்துவிட்டார். அவனுக்கு இருந்தது ஆட்டிசம். பல மொழி கேட்டு வளர்வதால் அது வராது. அந்தப் பேச்சை நம்பி ஒரு வருடம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்துப் போன வளர்ச்சி மருத்துவர், டேப்பை எடுத்து அவன் தலையை அளந்தார். 55 செ.மீ. நான்கு வயதுப் பையன்களுக்குச் சராசரி 50தான். பிறகு என் தலையையும் அளந்தார். 60! பெண்களுக்கு 58ஐத் தாண்டினாலே கவனிப்பார்களாம். ஆட்டிசம்தான் என்று உறுதியானதும், பிடென் (PTEN) என்ற மரபணுவையும் பார்த்துவிடலாம் என்றார்.

மரபணு ஆலோசகர் மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்தார். என் அம்மாவுக்குக் கழுத்துக் கழலை ஆபரேஷன், பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் போனது எல்லாம் கேட்டார். பேச்சு வராத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். பிடென், 10வது குரோமோசோமில் இருக்கும் மரபணு. செல் வளர்ச்சிக்கு அது பிரேக். 1997-ல் அதைக் கண்டுபிடித்ததே புற்றுநோய்க் கட்டிகளில் அது பழுதாகியிருந்ததை வைத்துத்தான். ஆட்டிசத் தொடர்பு பின்னால் தெரியவந்தது. நம்மிடம் அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் மீதிப் பாதி பிரேக் வளரும் மூளைக்குப் போதாமல் போகலாம். செல்கள் பெருத்து, இணைப்புகள் மாறி, தலையும் பெரிதாகும். புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இன்னொரு பிரதியும் ஏதோ ஒரு செல்லில் கெட வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும். என் பெரியம்மாவும் என் மகனும் ஒரே தாளில் வந்த காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

ரத்தம் கொடுத்தோம். 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது, ஆறு வாரம் காத்திருந்தோம். பிடெனில் நோய் உண்டாக்கும் மாற்றம் என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்து எங்கள் இருவருக்கும் பரிசோதனை. கணவருக்கு இல்லை, எனக்கு இருந்தது. நான் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்னால்தானே என்று இரண்டு நாள் அழுதேன். என் அம்மாவும் தெரிந்தா கொடுத்தாள் என்று கணவர் கேட்டது மட்டும் மனதில் நின்றது.

மகனுக்கு இப்போது பேச்சுப் பயிற்சியோடு வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு ஸ்கேன். எனக்குப் பட்டியல் நீளம்: மார்பகத்துக்கு எம்ஆர்ஐயும் மேமோகிராமும், கர்ப்பப்பை, சிறுநீரகம், குடல். என் முதல் தைராய்டு ஸ்கேனிலேயே கட்டிகள் தெரிந்தன. ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. அவனுக்காக அந்த டேப்பை எடுக்காமல் இருந்திருந்தால் என் கழுத்தை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் கிடையாது. ஆட்டிசம் என்றால் புற்றுநோய் வரும் என்று யாரும் பயப்படாதீர்கள். ஆனால் ஆட்டிசத்தோடு தலையும் மிகப் பெரிதாக இருந்தால், பிடென் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் எந்த மாற்றம் என்று எழுதியிருக்கும். சொந்தக்காரர்களுக்கு அதை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு.

வேலூரில் இருக்கும் என் அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். "தெரியாம இருக்கிறதே மேல்டி" என்று போனை வைத்துவிட்டாள். மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். "டேப்பை எங்க வச்சு அளக்கணும்?" என்றாள். புருவத்துக்கு மேலே, பின்மண்டை துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி என்றேன்.