பாதை ஓடுதா?

2025 நவம்பர் கடைசியில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து எங்கள் மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்றபோது தங்கச்சிக்கு போன் எடுத்தேன். பதட்டத்தில் என் வாயில் வந்தது, "பாதை ஓடுதா?" "அண்ணா, பாதையெல்லாம் போய் எத்தனை வருசம்!" என்று அந்த நேரத்திலும் சிரித்தாள்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் ரோட்டு இல்லை, பஸ்ஸையே ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. அந்த நாளில் மாரியில், இடையிலுள்ள கொட்டியாரக் குடாக்கடல் கொந்தளித்தால் திருகோணமலைக்கு லோஞ்ச், அதாவது பயணிகள் படகு, ஓடாது. தரைவழியே போனால் இறால்குழி, கங்கை (மகாவலியைத்தான் அப்படிச் சொல்வோம்), உப்பாறு, கிண்ணியா என்று நாலு துறை. நாங்கள் இறங்கி நிற்க பஸ் மெல்லப் பலகையில் ஏறும், பாதை ஒரு பக்கம் தாழும், ஆட்கள் குறுக்கே கட்டிய கம்பி வடத்தை வெட்டு விழுந்த கட்டையால் கவ்விக்கொண்டு முன்னிருந்து பின்னுக்கு நடப்பார்கள், அவர்கள் நடக்க நடக்க அக்கரை கிட்ட வரும்.

கங்கையில்தான் சிக்கல். இங்கே வானம் வெளித்திருக்கும், மலைநாட்டில் பெய்த மழை மரக்கிளையும் வாழையுமாக மண்ணிறத்தில் மகாவலியில் வந்து சேரும். வடம் வில்லாக வளையும். பாதைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கையை விரித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எல்லாரும் 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். சரி, நீளம்தான். ஆனால் என்னைக் கேட்டால், 2011இல் கங்கைப் பாலமும் மற்றதுகளும் வந்த பிறகுதான் எங்களுக்கு விடிந்தது.

பாதை ஓடிய காலத்தில், ஒரு தை மாதம் மூன்று நாள் பிந்தித் திருகோணமலைப் பள்ளிக்கூட விடுதிக்குப் போனேன். "ஆற்றைச் சாட்டுச் சொல்லாதே" என்று ஒரு சேர் பாடம் முடியும்வரை வெளியே நிறுத்தினார். பெயர் வேண்டாம், நல்லாப் படிப்பித்த மனுசன். அடுத்த மார்கழியில் அவரே சோதனை மேற்பார்வைக்கு மூதூர் வந்தார். திரும்பும் நாளில் லோஞ்சும் இல்லை, பாதையும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு. காலையும் மாலையும் என்னை பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டுவார். மூன்றாம் நாளும் ஓடிவந்து, "கங்கை இன்னும் இறங்கேல்லையாம் சேர்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அம்மா வைத்த கோப்பையிலிருந்து இன்னொரு பொரித்த கீரி மீனை எடுத்துக்கொண்டார்.