சாம்பாருக்கு ஒரு தூக்குவாளி

மாலையில் டிபன் கடையில் பார்சலுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, கூடைக்குள்ளிருந்து எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து நீட்டினார்.

"சாம்பாரை இதிலேயே ஊற்று தம்பி."

அந்தத் தம்பி ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினார். வாளி என்றால் கை தாராளமாகிவிடும் போலிருக்கிறது.

மற்றவர்களுக்கான கவர்கள் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. கொதிக்கும் சாம்பார், மெல்லிய பிளாஸ்டிக், வாயில் இறுக்கிச் சுற்றிய நூல். வீட்டில் அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? கத்தரியால் வெட்டுகிறோம், எண்ணெய்ப் பிசுக்கோடு குப்பையில் போடுகிறோம். பழைய சாமான் வாங்குபவர்கூட அதைத் தொடமாட்டார். மழைநீர்க் கால்வாயில் அடைப்பதும், தெருவில் மாடு தின்பதும் இதுதான். நினைத்தால் வயிறு கலங்குகிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இத்தகைய கவர்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மஞ்சப்பை காய்கறிக்குத்தான் உதவும். குழம்புக்கும் சட்னிக்கும் பாத்திரம்தான் வேண்டும்.

கடைக்காரர்களே, "பாத்திரம் கொண்டுவாருங்கள்" என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள். பார்சலுக்கென்று தனியாக வாங்கும் காசை, பாத்திரத்தோடு வருபவர்களிடம் வாங்காதீர்கள். கூச்சத்தில் வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.