"நீ போ" என்றார், நான் போகவில்லை

பாறைப் பிளவில் மாட்டிக்கொண்டவர் "நீ போய் உதவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு வா" என்றார். "மாட்டேன்" என்றேன். இன்னும் மனசுக்குள் ஓடுவது இந்த இரண்டு பேச்சுதான்.

அமெரிக்காவின் யூட்டாவில் 95ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய லெப்ரகான் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கின் இருட்டுப் பகுதி. பிளவு மேலே அகலம், கீழே போகப்போக ஆப்பு மாதிரி ஒடுங்கும். அதனால் இரண்டு சுவரிலும் கைகாலை ஊன்றி உயரத்திலேயே நகர்வோம். அவருக்குக் கால் வழுக்கி, நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சை விட்டால் நெஞ்சு சுருங்கி உடம்பு இன்னும் இறங்கும். அடுத்த மூச்சுக்கு இடம் குறையும். உதவிக்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி என் பையில் இருந்தது. ஆனால் வானம் தெரியாத இடத்தில் அது வேலை செய்யாது. வெளியே போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்துதானே போகச் சொன்னார்?

கையைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. காலுக்கு மிதி வேண்டும். கயிற்றை மாட்ட அவர் இடுப்பில் கட்டியிருந்த ஹார்னஸின் கொக்கி பாறையில் சிக்கியிருந்தது. இடுப்புப் பட்டையைக் கத்தியால் அறுத்தேன். என் காலிலிருந்து உதிர்ந்த மணல் அவர் கண்ணில் விழுந்தது, துடைக்கக் கை வரவில்லை. மேலே முதுகையும் காலையும் சுவர்களில் அடைத்துக்கொண்டு, கயிற்றில் வளையம் போட்டு இறக்கினேன். பாதம் அதற்குள் நுழையவே வெகு நேரம் பிடித்தது. அப்புறம், "மூச்சை விட்டுட்டு மிதிங்க" என்றேன். அவரைக் கீழே இறக்கிய அதே மூச்சு, விரற்கடை விரற்கடையாக மேலே ஏற்றியது.

தனியாக விட்டிருந்தால் பதறியிருப்பார், பதறினால் மூச்சு வாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் 2009இல் இதே யூட்டாவில் நட்டி புட்டி குகையில் ஒருவர் தலைகீழாகச் சிக்கினார். பெரிய மீட்புக் குழு ஒரு நாளுக்கும் மேல் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அதை நினைத்தால், ஆள் வந்து மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். அடுத்த நிமிடமே, அத்தனை பேருக்கே முடியாதபோது, ஒற்றைக் கயிற்றை நம்பி உதவி கேட்பதை நான் எப்படித் தள்ளிப்போட்டேன் என்றும் தோன்றும். வளையம் பலிக்காமல் போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில்?

அன்றிரவு அவர் நன்றி சொன்னார். கூடவே, "அடுத்த தடவை நான் போகச் சொன்னால் போ" என்றார். சரி என்றேன்.

இப்போது புது கைடுகளுக்கு, சிக்கியவர் போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்கிறார் அவர். பக்கத்தில் நின்று வளையம் போடக் கற்றுக்கொடுக்கிறேன் நான். எதை முதலில் செய்வது என்று அவர்கள் கேட்டால், நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.