தண்ணீர்பள்ளியில் திருநீறு

கத்தோலிக்கர்களுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் நெற்றியில் சாம்பல்: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். குளித்தலையை ஒட்டிய தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமத்தில், மாலைச் செபம் முடிந்ததும் திருநீற்றுத் தட்டு என் முன்னே வந்தபோது, இன்று புதன்கூட இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விரலால் தொட்டு இட்டுக்கொண்டேன்.

பத்து ஆண்டுகளாக விடியற்காலையில் கண்மூடி அமர்ந்து மூச்சைக் கவனித்து வருகிறேன். ஞாயிறு திருப்பலியும் செபமாலையும் பிறந்ததிலிருந்தே உடன் வருபவை. பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை தியானத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அதெல்லாம் நமக்கு வேண்டாம் அம்மா" என்றார் ஒரு பெரியவர். அவர் குரலில் கோபம் இல்லை, என்மேல் உண்மையான கவலை இருந்தது. தியானம் கற்ற இடத்திலோ, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "இதை இன்னும் விடவில்லையா?" என்றார்கள். இரண்டு இடத்திலும் பாதி ஆளாகவே உட்கார்ந்திருந்தேன். அந்தக் களைப்புதான் என்னைத் திருச்சியில் கரூர் பஸ் ஏற வைத்தது.

சாந்திவனத்தை 1950-இல் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள். மோன்சானின் அடிகளார் அதற்கு முன்பே குளித்தலைப் பகுதியில் பங்குப்பணி செய்தவர். லெ சோ அடிகளார் பின்னாளில் அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டவர். காவி உடுத்தி, குடிசையில் வாழ்ந்து, சச்சிதானந்தம் என்ற சொல்லில் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் கண்டார்கள். ஆனால் அவர்களோடு நிலைத்துத் தங்க ஆள் வரவில்லை. மோன்சானின் 1957-இல் பாரிஸில் இறந்தார். லெ சோவைத் திருவண்ணாமலைக் குகைகள் இழுத்தன, பிறகு இமயமலை. 1968-இல் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் இங்கே ஒரு குழு வேர்பிடித்தது. இடத்தை உண்டாக்கியவர்களே பதினெட்டு ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாக இருந்திருக்கிறார்கள். பீட் கிரிஃபித்ஸின் சமாதி முன்னால் நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதல்.

கோயிலில் தரையில்தான் அமர வேண்டும். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. உபநிடத வாசகத்தைத் தொடர்ந்து விவிலியத்தின் திருப்பாடல் வருகிறது. திருப்பலியில் மலரும் தூபமும் கற்பூரமும் காட்டி ஆரத்தி எடுக்கிறார்கள். இந்திய ஆயர்கள் கேட்டு, 1969-இல் உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை அனுமதித்த பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களில் ஆரத்தியும் உண்டு. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

ஒன்று மட்டும் உறுத்தியது. சமஸ்கிருத மந்திரங்கள் ஒலித்தபோது என் மனம் ஒட்டவில்லை. பெரிய வெள்ளியன்று பாட்டி மாரடித்துப் பாடிய வியாகுல மாதா புலம்பல்தான் நான் அறிந்த பக்தி, அதற்கு இங்கே இடம் எங்கே என்று தேடினேன். ஆசிரமங்கள் மேல்சாதி மரபையே இந்திய மரபு என்று எடுத்துக்கொண்டன என்று தலித் இறையியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு என்றே நினைக்கிறேன். தமிழ்ப் பாடல் எழுந்தபோதுதான் என் குரல் தானாகச் சேர்ந்துகொண்டது.

காலை உணவுக்குப் பின் விருந்தினர்கள் காய் நறுக்க உட்கார்ந்தோம். பக்கத்தில் பூசணிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்த உள்ளூர் அக்காவிடம், இங்கேயே தங்கிவிடலாம் போலிருக்கிறது என்றேன். "தங்குங்கள். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த காயை எடுத்தார். கேலியாகக் கேட்கவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பங்குத்தந்தையைப் பார்த்தேன். வியாழன் மாலை, நற்கருணை ஆராதனைக்கு முன் அரை மணி நேரம் சும்மா அமர்ந்திருக்க அனுமதி கேட்டேன். ஜமுக்காளத்தை நாங்களே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார். சென்ற வாரம் நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, அவருக்காக ஒரு நாற்காலி போட்டோம்.