சென்னையைவிடப் பக்கத்தில் ஒரு வீடு

கோவில்பட்டியில் இருந்து சென்னைக்கு ரயிலில் போக ஒரு ராத்திரி முழுக்க ஆகும். சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் மொட்டை மாடிக்கு நேர் மேலே வரும்போது அது இருக்கும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர்தான். சென்னையைவிடப் பக்கம். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகம் அதற்கு. நாம் ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டு போகும் தூரத்தை ஒரு நிமிடம் சொச்சத்தில் தாண்டிவிடும். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதியில் இருந்து அதில் ஆள் இல்லாத நாளே கிடையாது. இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று கடைக்கு வருபவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். நிலையம் தெரியும் நாட்களில், துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் மார்க்கிங் சாக்கால் நேரத்தை எழுதிவிடுவேன். அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால்கூடப் பாதி வானம் போய்விடும்.

நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஹெவன்ஸ் அபவ் என்ற இணையதளத்தில் ஊரைக் குறித்துக்கொண்டால் வரப்போகும் நாட்களுக்கான அட்டவணையே கிடைக்கும். நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷனும் அதே வேலையைச் செய்யும். எந்தத் திசையில் தோன்றும், எவ்வளவு உயரம் ஏறும், எங்கே மறையும் எல்லாம் அதில் இருக்கும். பிரகாசத்துக்கு ஒரு எண் இருக்கும். அது மைனஸில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம். மைனஸ் மூன்று என்று போட்டிருந்தால் எந்த நட்சத்திரமும் அதற்கு ஈடில்லை. உயரத்தை டிகிரியில் சொல்வார்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால், முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்தில் இருந்து நாலு முஷ்டிக்கு மேல் ஏறும் நாட்களைத்தான் நான் குறித்துக்கொள்வேன். அதற்குக் கீழே போனால் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும் மறைத்துவிடும். சில நாட்கள் மாலையில் அடுத்தடுத்துக் கிடைக்கும். அப்புறம் விடியற்காலைக்கு மாறிவிடும், இல்லை கொஞ்ச நாள் கண்ணிலேயே படாது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏன் தெரிவதில்லை? நிலையம் தானாக ஒளி வீசுவதில்லை. நமக்கு இருட்டிவிட்டாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். அந்த வெயில் அதன் சோலார் தகடுகளில் பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறோம். நம் பக்கம் சூரியன் நெட்டுக்குத்தாக இறங்குவதால், அஸ்தமனத்துக்குப் பிறகு எண்பது நிமிடம் போல ஆனால் தலைக்கு நேர் மேலேயும் பூமியின் நிழல் வந்துவிடும். லண்டன் மாதிரி வடக்கே இருக்கிற ஊர்களில் கோடைகாலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சாய்ந்து போவதால் நடுராத்திரியிலும் நிலையம் மின்னும்.

நான் பார்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பிப்ரவரி மாலை. ஏழேகால் தாண்டியிருக்கும். வடமேற்கில், அண்ணாச்சி வீட்டு வேப்பமரத்துக்கு மேலே, லேசாக மஞ்சளோடிய ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பியது. விமானம் என்றால் சிவப்பும் பச்சையும் விட்டு விட்டு மினுக்கும், சத்தமும் பின்னாலேயே வரும். இது மினுக்கவே இல்லை. ஒரே சீராக ஏறியது, ஏற ஏற வெளிச்சம் கூடியது. கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டிப் போய், ரோகிணியைத் தாண்டி, ஓரையன் என்ற வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பில் இருக்கும் மூன்று நட்சத்திரங்கள் வழியாகச் சிரியஸ் நட்சத்திரத்தின் பக்கம் இறங்கியது. அந்த மாதத்து மாலை வானில் இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். அன்றைக்கு அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போனது மாதிரி இருந்தது. சிரியஸைத் தாண்டியதும் அதன் நிறம் மாறியது. வெள்ளை மங்கி, ஆரஞ்சாகி, சில நொடிகளில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் மேகம் எதுவும் இல்லை. அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. நாம் ஆரஞ்சாகப் பார்த்த அந்தச் சில நொடிகள் உள்ளே இருப்பவர்களுக்கு அஸ்தமனம். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆகும் என்பதால், ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு அஸ்தமனம் வரும். அதில் ஒன்றைத் தரையில் நின்றுகொண்டு நாமும் சேர்ந்து பார்க்கிறோம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

எதிர்வீட்டு ஆச்சிதான் சரியான கேள்விகளைக் கேட்பவர்.

"ஏட்டி, அதுக்குள்ள நெசமாவே ஆளு இருக்காகளா?"

"ஏழு பேர் இருக்காங்க ஆச்சி."

"சோறு தண்ணிக்கு என்ன செய்வாக?"

சாப்பாடு சரக்குக் கலத்தில் போகிறது என்றேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். சிறுநீர், வேர்வை, மூச்சில் கலந்த ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள். 98 சதவீதம் வரை மீட்க முடிகிறது என்று 2023இல் நாசா சொன்னது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருந்த காலத்தைப் பார்த்தவர் ஆச்சி. "அங்ஙன ஒரு சொட்டுக்கூட வீணாப் போகாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2025 ஜூன் 26 அன்று சுபான்ஷு சுக்லா அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நிலையத்துக்குள் போன முதல் இந்தியர். ஜூலை 14 அன்று கிளம்பும்வரை எங்கள் தெருவில் அதே பேச்சு. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் மலைப்பக்கம் இருந்து வந்துகொண்டே இருந்தன. மேகம் விலகிய ஒரு மாலையில் தெருப் பிள்ளைகள் மாடியில் நின்று கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். சீனாவின் தியாங்கோங் நிலையமும் வருகிறது. 2021 ஏப்ரலில் முதல் பகுதி போனது, 2022இல் மூன்று பகுதிகளும் சேர்ந்து முழுமையானது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வெறுங்கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான கொடுப்பினை ஹப்பிள். 1990 ஏப்ரலில் ஏவிய தொலைநோக்கி. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரிக்கு மேல் சாய்வதில்லை. அதனால் லண்டனில் நின்றுகொண்டு எவ்வளவு தேடினாலும் ஹப்பிள் அடிவானத்துக்கு மேலே வராது. நமக்கோ தலைக்கு மேலேயே போகும், மேற்கில் இருந்து கிழக்காக. சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரங்கள் அளவுக்குத்தான் வெளிச்சம், கொஞ்சம் பழகிய கண் வேண்டும். 1995 டிசம்பரில் வானத்தின் ஒரு துளி இருட்டையே பத்து நாள் உற்றுப் பார்த்து, அதற்குள் சுமார் 3,000 கேலக்ஸிகளைக் காட்டிய கண் அது. அது என் வீட்டுக் கொடிக்கயிற்றுக்கு மேலே போகிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

மற்றவை சும்மா நிமிர்ந்து பார்த்தாலே கிடைக்கும். மெதுவாகக் கூடிக் குறைந்து வெளிச்சம் காட்டிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் உருண்டுகொண்டிருக்கும் ராக்கெட்டின் பாகம். முன்பு இரிடியம் செயற்கைக்கோள்களின் பளபளப்பான ஆன்டெனாவில் வெயில் பட்டுச் சில நொடிகள் கண் கூசும்; 2019 தொடக்கத்தில் புதிய தலைமுறை முழுமையாக வந்தபின் அந்தக் காட்சி அநேகமாக முடிந்துவிட்டது. இப்போது எல்லாரும் போன் போட்டுக் கேட்பது, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணையச் சேவைக்காக அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பற்றித்தான். ஏவிய சில நாட்களுக்கு வரிசையாக ரயில் பெட்டிகள் மாதிரி போகும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2019 மே மாதம் அறுபதில் தொடங்கியது இன்று பல ஆயிரம். நட்சத்திரங்களைப் படமெடுக்கும் ஆராய்ச்சியாளர்களின் படங்களில் அவை கோடு கிழிக்கின்றன. அந்த வானம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பது என் எண்ணம்.

2023 நவம்பரில் ஜாஸ்மின் மொக்பெலி, லோரல் ஓஹாரா என்ற இரண்டு வீராங்கனைகள் நிலையத்துக்கு வெளியே வேலை பார்த்தபோது ஒரு கருவிப் பை நழுவிப் போய்விட்டது. நிலையத்துக்குச் சில நிமிடங்கள் முன்னால் அது தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பைனாகுலர் வைத்திருந்தவர்கள் அதையும் பார்த்தார்கள். 2024 ஜூலையில் காற்று மண்டலத்தில் எரிந்துபோனது.

ஆச்சிக்கு அந்தச் செய்தி பிடிக்கவில்லை. "ஸ்கைலாப்பு மாதிரி இதுவும் விழுந்துருமோ?" என்றார். ஸ்கைலாப் அமெரிக்காவின் பழைய விண்வெளி நிலையம். 1979 ஜூலையில் அது எங்கே விழும் என்று தெரியாமல் ஊரே பயந்து கிடந்ததை நேரில் பார்த்தவர் ஆச்சி. அது கடைசியில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. நாம் பார்க்கும் சர்வதேச நிலையம் அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனம், சுமார் 420 டன். அதனால் தானாக விழவிடப் போவதில்லை. 2030 வரை ஓட்டிவிட்டு, அதற்கென்றே ஒரு கலத்தைச் செய்து, பசிபிக்கில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் இறக்குவதுதான் திட்டம். அந்தக் கலத்தைச் செய்யும் பொறுப்பு 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போனது. அதாவது, இப்போது எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகும்போது இது இருக்காது. அதனால் பார்க்க வேண்டியவர்கள் இப்போதே பார்த்துவிடுங்கள்.

மாடி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆச்சிக்கு முழங்கால் வலி வந்ததில் இருந்து தெருவிலேயே நாற்காலி போட்டுவிடுகிறோம். தெருவிளக்கு எரிந்தாலும் நிலையம் பளிச்சென்று தெரியும். ஹப்பிளுக்கு மட்டும்தான் இருட்டான இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.